சேசி நம்பரை அழித்தது யார்

குண்டசாலை
25.02.2025

அன்புள்ள மகள் சுபாஜினிக்கு,

உன் போனில் என்னை பிளொக் பண்ணி வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நல்லது. தபால்காரரை உன்னால் பிளொக் பண்ண முடியாது. முப்பத்தொரு வருடம் மாநகரசபையில் கடிதம் எழுதியே வயிறு வளர்த்தவன் நான். சித்தியின் வத்தளை விலாசமும் என்னிடம் இருக்கிறது.

நீ போய் இன்றைக்குப் பதினொரு நாள். ஒரு வார்த்தை சொல்லாமல், விடிந்தும் விடியாமலும் பேராதனைக்குப் போய் ரயில் ஏறியிருக்கிறாய். ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அம்மா அந்தக் குடையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். சோறு போடும்போது மட்டும் "இந்தாங்க" என்கிறாள். வேறு பேச்சு இல்லை.

நடந்தது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நீ அதை வேறு மாதிரி மனதில் வைத்திருக்கிறாய் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். கலஹா தோட்டத்துப் பழைய கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த லேண்ட் ரோவரை, பெற்றோல் வரிசை நடந்த அந்த வருடம் நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்து வாங்கி வந்தோம். ஐம்பத்தெட்டாம் ஆண்டு வண்டி. என்னைவிட மூத்தது. மூன்று வருடம் பாடுபட்டு ஓட வைத்தோம். நம் பேருக்கு மாற்றுவதற்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். பரிசோதகர் குனிந்து, வண்டிச் சட்டத்தின் அடையாள எண்ணான சேசி நம்பரைத் தேடினார். வலது முன் ஸ்பிரிங் பூட்டியிருக்கும் இரும்பில் அது குத்தியிருக்க வேண்டும். அங்கே கறுப்புப் பெயின்ட் மட்டும்தான் இருந்தது. சுரண்டிப் பார்த்தார், அடியிலும் இல்லை. நம்பர் இல்லாத வண்டி களவு வண்டியாகவும் இருக்கலாம் என்று பொலிஸுக்கு அனுப்பினார். அது அவர் கடமை.

வாக்குமூலம் எழுதிய சார்ஜன்ட் நம்பரை அழித்தது யார் என்று கேட்டார். வண்டியின் இரும்பு வேலை எல்லாம் என் மகள்தான் செய்வாள் என்று சொன்னேன். இதில் எது பொய்? கராஜ் மஹ்மூத் நானாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். நீ மெக்கானிக், நான் டோர்ச் பிடிக்கிறவன். அதற்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போவதா?

ஜீப் இன்னும் பொலிஸ் முற்றத்தில் பலா மரத்துக்குக் கீழே நிற்கிறது. வேலை விட்டு வரும்போது தினமும் இறங்கிப் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்கிறேன் என்று கேட்காதே. பார்க்காமல் வந்தால் ராத்திரிச் சோறு இறங்குவதில்லை.

லீவு முடிந்ததும் வந்து சேர்.

அப்பா
சுந்தரலிங்கம்

*

வத்தளை
04.03.2025

அப்பா,

கடிதம் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். நம்பரை அழித்தது யார் என்று சார்ஜன்ட் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். அதற்குரிய பதில் கடிதத்தில் இல்லை.

லீவு என்று யார் சொன்னது? இங்கே ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். லொறி வேலை. முதல் நாள் என்னைக் கணக்குப் பார்க்க வந்த பிள்ளை என்று நினைத்துக் கதிரை எடுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் கியர்பொக்ஸ் ஒன்றை இறக்கியதும் கதிரையை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "இரும்பு வேலை எல்லாம் மகள்தான் செய்வாள்." அதோடு நிற்கவில்லை நீங்கள். "அப்ப இதையும் அவதானா?" என்று சார்ஜன்ட் கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவர் எழுதினார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். நான் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன், அப்பா. கையிலிருந்த கிறீஸ் கூட அப்போது போயிருக்கவில்லை.

பலா மரத்துக்குக் கீழே நிற்கிறதென்றால் முதலில் பெற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள், செத்துவிடும். காபரேட்டர் வாயைப் பொலித்தீனால் கட்டுங்கள். பிசின் விழும், சீட்டைத் துடையுங்கள். சீட்டை மட்டும். வேறு எதையும் சுத்தம் பண்ண வேண்டாம்.

சுபா

*

குண்டசாலை
13.03.2025

மகள்,

பெற்றரியைக் கழற்றினேன். அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்து, இரண்டு நாள் அலைந்து, கழற்றினேன். குண்டசாலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "ஐயா, அதுக்கும் ஒரு டிக்கட் போடவா?" என்றான் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நீ இருந்திருந்தால் நீதான் முதலில் சிரித்திருப்பாய்.

மஹ்மூத் நானாவைப் பார்த்தேன். "புள்ளய எப்ப கூட்டிட்டு வாறீங்க?" என்றார். ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை மனிதர். மூன்று வருடமாக வெல்டிங்குக்கு அவரிடம் ஓடினோம், ஜீப்பைப் பற்றிக் கேட்க வேண்டாமா?

வீட்டில் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கொட்டிலுக்குப் போகிறேன். ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருக்கிறது. நட்டுகளை அளவு பார்த்து டப்பாவில் போட்டேன். மறுநாள் கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். "நீங்க கொட்டுற சத்தத்துல எனக்கு மண்டை வலிக்குது" என்று அம்மா சொன்னாள். ஒரு மாதத்தில் அவள் பேசிய நீளமான வசனம் அதுதான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தலையை ஆட்டினேன் என்கிறாய். அவர் சிங்களத்தில் வேகமாகக் கேட்டார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஓகஸ்டில் நான் ஓய்வு பெறுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அரசாங்க உத்தியோகத்தன் வண்டியின் நம்பரை அழித்தான் என்று ஒரு கடதாசி சபைக்குப் போனால் பென்சன் எங்கே நிற்கும் என்று யோசித்தாயா? நீ சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாய் என்றால் கண்டித்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பெயின்ட் அடித்த அன்றைக்கு நானும் அந்தப் பக்கம் கொஞ்சம் தேய்த்தேன் என்று நினைக்கிறேன். சரியாக ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையில் யார் கை எங்கே பட்டது என்று பிரித்துப் பார்ப்பதில் என்ன லாபம்? இந்த விஷயம் கொஞ்ச நாளில் தூசி படிந்துவிடும். எத்தனை கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தியின் சாப்பாடு சரிவருகிறதா?

அப்பா

*

வத்தளை
24.03.2025

அப்பா,

தூசி படியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஜப்பானில் லொறி பழுதுபார்க்கும் கம்பனி ஒன்றில் மூன்று வருட வேலைப் பயிற்சிக்கு என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கு எழுபது பேர், அதில் பெண் நான் ஒருத்தி. அம்மாவுக்குத் தெரியும். உங்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். என் மேல் குற்றம் எதுவும் இல்லை என்ற பொலிஸ் ரிப்போர்ட் கொடுக்க மே கடைசி வரை தவணை. விண்ணப்பம் போட்டேன். நம் ஊர்ப் பொலிஸுக்கு அனுப்பி விசாரிப்பார்கள். விசாரித்தால் என்ன வரும்? களவு வண்டியாக இருக்கலாம் என்று பிடித்து வைத்த வண்டியின் சேசி நம்பரை அழித்தவள் சுந்தரலிங்கம் சுபாஜினி. சொன்னவர் யார்? பெற்ற தகப்பன். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

ஞாபகம் இல்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது.

பொங்கலுக்கு அடுத்த வாரம், நான் பல்லேகலைக்கு ஒரு பக்டரி இன்டர்வியூவுக்குப் போன நாள். போகும்போது அந்த இரும்பின் மேல் நீல மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் போனேன், பெயின்ட் படக்கூடாது என்று. திரும்பி வந்தால் முன்பக்கம் முழுவதும் கறுப்பாகப் பளபளக்கிறது. மஹ்மூத் நானாவின் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் கீழே கிடக்கிறது. நீங்கள் புருவம் வரைக்கும் துருப் பொடியோடு நின்று, "எப்புடி, ஒரே நாள்ல முடிச்சிட்டேன் பாத்தியா?" என்றீர்கள். டேப் குப்பைக் கூடையில் கிடந்தது. சதுரமாக மடித்து. பஸ் டிக்கட்டைக் கூட அப்படி மடித்துப் போடும் மனிதர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. மூன்று வருடம் டோர்ச் பிடித்துக்கொண்டு, "நா என்ன செய்யட்டும், நா என்ன செய்யட்டும்" என்று நின்ற மனிதர் முதல் தடவையாகத் தனியாக ஒரு வேலையை முடித்திருக்கிறார். எப்படிச் சொல்வது? பரிசோதகர் பார்க்காமல் விடுவார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு மூன்று வாரம் இருந்தேன். பொலிஸில் கேட்டபோது கூட நான் பயப்படவில்லை. அப்பா சொல்லிவிடுவார் என்று இருந்தேன்.

எனக்கு நம்பர் போனது பெரிதில்லை. போய் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுங்கள். இதைவிட வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

சுபா

*

குண்டசாலை
03.04.2025

சுபா,

உன் கடிதத்தை ஓபிஸுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். வீட்டில் வாசிக்கப் பயமாக இருந்தது. வாசித்துவிட்டு எழும்பிப் போய்ப் பேசினில் முகம் கழுவினேன்.

ஆமாம். நான்தான் அழித்தேன். டேப்பைக் கிழித்தது நான். பழைய அழுக்கு டேப் என்று நினைத்தேன். அதற்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. துரு போய் இரும்பு வெள்ளையாக வர வர எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்தேன். பரிசோதகர் சுரண்டிய அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய்.

இப்போது இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வாக்குமூலத்தை மாற்றினால் உனக்கு ரிப்போர்ட் கிடைக்கும். கிடைத்தால் நீ ஜப்பானுக்குப் போய்விடுவாய். மூன்று வருடம் என்கிறாய். போனவர்கள் யார் மூன்று வருடத்தில் வந்தார்கள்? பென்சனுக்குப் பயந்து அன்றைக்குத் தலையை ஆட்டினேன், அது உண்மை. ஆனால் இந்த ஒரு வாரமாக நான் பொலிஸுக்குப் போகாமல் இருப்பது பென்சனுக்காக இல்லை. போகாமல் இருந்தால் நீ இங்கேயே இருப்பாய் என்று ஒரு கெட்ட எண்ணம் உள்ளே இருந்துகொண்டு காலைப் பிடித்து இழுக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜப்பான் விஷயம் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுவும் சுட்டது.

வருடப் பிறப்பு வரட்டும். பார்ப்போம்.

அப்பா

*

வத்தளை
09.04.2025

அப்பா,

என்னிடம் சொன்னதற்கு நன்றி. ஆனால் நான் பொலிஸ் இல்லை.

உங்களுக்கு வெட்கமாக இருந்ததை எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்து நான் கராஜில் எல்லார் முன்னாலும் அழுதேன். அதற்காக நான் போகாமல் இருக்க மாட்டேன். இரண்டும் உண்மை, இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பார்ப்போம் என்று நீங்கள் எழுதினால் என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குழாய்க்கு வொஷர் போடுவதற்கு நீங்கள் பார்ப்போம் என்று சொல்லி ஒன்றரை வருடம் போனது.

மே 31 கடைசி. இனி நான் எழுத மாட்டேன். என்ன எழுதினாலும் கெஞ்சுவது போலத்தான் வருகிறது.

வருடப் பிறப்புக்கு வரவில்லை. அம்மாவுக்குச் சேலை சித்தியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

சுபா

*

குண்டசாலை
14.05.2025

அன்புள்ள மகள்,

வருடப் பிறப்பு முடிந்து ஓபிஸ் திறந்த நாளே, ஏப்ரல் 21ஆம் திகதி, பொலிஸுக்குப் போனேன். போனேன் என்று உடனே எழுதவில்லை. எழுதிவிட்டு அது சரிவராமல் போனால் உனக்கு இன்னொரு ஏமாற்றம். அதனால்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முழுக்கச் சொல்கிறேன். தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன். மொழிபெயர்க்கிறவர் வரும்வரை இருக்கச் சொன்னார்கள். இரண்டரை மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்தேன். நீ இருந்த அதே வாங்கு. இரண்டு தரம் எழும்பி கேட் வரைக்கும் வந்துவிட்டேன். இரண்டாம் தரம் ரோட்டுக்கே இறங்கிவிட்டேன், குண்டசாலை பஸ்ஸும் வந்து நின்றது. கொண்டக்டர் "ஏறுங்க ஐயா, ஏறுங்க" என்றான். ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்னை நினைத்து என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அந்த நேரம் எனக்கு என் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

அதே சார்ஜன்ட்தான். வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு ஏன் மகள் பேரச் சொன்னீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பயத்துல சொல்லிட்டேன்" என்றேன்.

"ஒரு பொம்பளப் புள்ள கிரைண்டர் புடிக்கிறத நம்ப எனக்கே கஷ்டமா இருந்துச்சு. ஆனா தகப்பன் சொல்றாரே, பொய்யா சொல்லுவாருன்னு எழுதிக்கிட்டேன்."

நான் சொன்னேன்: "அவ புடிப்பா, மாத்தயா. நல்லாப் புடிப்பா. அவ புடிச்சிருந்தா நம்பர் அப்படியே இருந்திருக்கும்." அதையும் எழுதச் சொன்னேன். தேவையில்லை என்றார். எழுதத்தான் வேண்டும் என்று நின்று எழுத வைத்தேன். பிரதி இதோடு வருகிறது, கடைசிக்கு முந்திய வரி.

சபையில் நானே போய் மேலதிகாரியிடம் சொன்னேன். விளக்கம் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார்கள். பென்சன் தாமதமாகலாம் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "தாமதமானா ஆகட்டும், சாப்பிட வாங்க" என்றாள். அன்றைக்குப் பொரியல் வைத்திருந்தாள். பெப்ரவரிக்குப் பிறகு முதல் பொரியல்.

போன வாரம் இரசாயனப் பகுப்பாய்வுக்காரர்கள் வந்து பெயின்ட்டை நீக்கி ஏதோ அசிட் தடவினார்கள். நம்பர் குத்தும்போது இரும்பு உள்ளேயும் நசிந்திருக்குமாம், மேலே தேய்த்தாலும் அது போகாதாம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு எண்ணாக மங்கலாகத் தெரிந்தது. கடைசி எண் மூன்றா எட்டா என்று பேசிக்கொண்டார்கள். எட்டுத்தான் என்று முடிவாகி, வண்டிப் புத்தகத்தோடு ஒத்துப்போனது. களவு வண்டி இல்லை என்று எழுதிவிட்டார்கள். உன் பேர் அந்தக் கோப்பில் எங்கேயும் குற்றமாக இல்லை. கேட்டு, பார்த்து, உறுதி பண்ணிக்கொண்டேன். பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு விசாரித்து வந்த கடிதத்துக்கும் அப்படியே பதில் போய்விட்டது.

ஜீப்பை மஹ்மூத் நானா இழுத்துக்கொண்டு வந்து கொட்டிலில் விட்டார். மூன்று மாதம் நின்றதில் பிரேக் எண்ணெய் ஒழுகி, பெடல் தரை வரைக்கும் போகிறது. நானா புது ரப்பர் சீல் போட்டிருக்கிறார். நான் எதையும் தொடவில்லை.

போய் வா என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதத்தான் முடிகிறது. போய் வா, மகள்.

அப்பா

*

வத்தளை
25.05.2025

அப்பா,

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஜூன் 19 பயணம்.

உங்கள் வாக்குமூலத்தின் பிரதியை ஸ்பானர் பைக்குள் வைத்திருக்கிறேன். கடைசிக்கு முந்திய வரியை வாசித்துவிட்டு, சித்தி பார்க்காமல் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு தரம் பேனையை வைத்துவிட்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் 19ஆம் திகதி வந்துவிடும். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். வாங்கில் இருந்த அந்த ஐந்து நிமிடம் இப்போதும் சில நேரம் வேலைக்கு நடுவில் வந்து கையை நிறுத்துகிறது. நீங்கள் இரண்டரை மணித்தியாலம் அதே வாங்கில் இருந்தீர்கள் என்பதும் இப்போது அதோடு சேர்ந்து வருகிறது. இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் பிளொக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் பண்ண வேண்டாம், பேசினால் நான் சண்டை பிடிப்பேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பேராதனையில் வந்து நில்லுங்கள். பதினேழு நாள் இருப்பேன். பிரேக் சீல் மாற்றினால் மட்டும் போதாது, குழாய்க்குள் போன காற்றை வெளியே எடுக்க வேண்டும். அது தனியாகச் செய்கிற வேலை இல்லை. மஹ்மூத் நானாவைச் செய்ய விடாதீர்கள், அவருக்கு அவசரம். நான் சக்கரத்துக்குக் கீழே படுத்துத் திருகாணியைத் திறப்பேன். நீங்கள் மேலே இருந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் "விடுங்க" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. நான் என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்க்கவும் கூடாது. இடையில் விட்டால் எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும்.

பிறகு முதலிலிருந்து தொடங்க நமக்கு நாள் இல்லை, அப்பா.

சுபா